ஓவியர் இளையராஜாவும் நம் வீட்டு முகங்களும்



கிள்ளானுக்கு வடக்கே, காப்பார் பக்கத்துத் தோட்டமொன்றில், எங்கள் லயத்து வீட்டின் நடுச்சுவரில் என் பாட்டியின் படம் ஒன்று பல ஆண்டுகள் தொங்கிக்கொண்டிருந்தது. 1974-ஆம் ஆண்டு பாட்டி காலமானார். கருமாதிக்கு முன்பாகச் சுவரில் மாட்ட ஒரு பெரிய படம் வேண்டுமென்று அப்பா கிள்ளானுக்குப் பேருந்து ஏறினார். படக்கடையில் கொடுப்பதற்கு அவரிடம் இருந்தது ஒரே ஒரு சிறிய படம். 1948-ஆம் ஆண்டு அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் படம் ஒட்டிய அடையாள அட்டை எடுக்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் செய்தது. அந்த அட்டைக்காகத் தோட்டத்து ஆபீசின் முன் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, ஆட்களை வரிசையாக நிறுத்திப் பிடித்த படம் அது. பாட்டியின் வாழ்நாளில் அவரைப் பிடித்த படம் வேறு இல்லை.

ஒரு வாரம் கழித்துப் பெரிதாக்கி, வண்ணம் தீட்டி, கண்ணாடி போட்டுக் கொடுத்தார்கள். நாற்பத்தைந்து வெள்ளி. அப்பா அதைப் பிரித்துப் பார்த்தார். பாட்டியின் மேனி சிவந்திருந்தது. உதட்டில் ரோஜா நிறம். காதில் அவர் ஒரு நாளும் போட்டிராத தோடு, கழுத்தில் காசுமாலை. கன்னத்து எலும்பு தெரியாமல் முகம் உருண்டிருந்தது.

“படம் நல்லாத்தாங்க இருக்கு. ஆனா இது எங்கம்மா இல்லையே” என்றார் அப்பா.

“எல்லாரும் இப்படித்தானே அண்ணே கேக்கிறாங்க” என்றார் கடைக்காரர்.

அவர் சொன்னது பொய்யன்று. அன்று பத்து வீடுகளில் ஒன்பது வீடுகள் அப்படித்தான் கேட்டன. அப்பாவும் காசைக் கொடுத்துப் படத்தை வாங்கி வந்து மாட்டினார், மாலையும் போட்டோம். ஆனால், பால் மரம் வெட்டி வெட்டிக் கறுத்துக் காய்ந்த ஒரு பெண்மணியை அவளாகவே வரைய அந்தக் கடைக்காரரின் தூரிகைக்கு ஏன் வரவில்லை என்ற கேள்வி என்னை விடவில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றின் இக்கால முனையில், கும்பகோணத்துப் பக்கத்தில் பிறந்த இளையராஜா என்னும் ஓவியர் நிற்கிறார். இசையமைப்பாளர் இளையராஜா அல்லர், இவர் வேறு. இன்றைய பேச்சு இவரைப் பற்றியது. ஆனால் இவர் செய்தது இன்னதென்று விளங்க, சற்றுப் பின்னோக்கிப் போய்வர வேண்டும்.

நம் முன்னோரில் பெரும்பகுதியினர் தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறிப் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கினார்கள். 1972 முதல் போர்ட் கிள்ளான் என்று பெயர் பெற்றதே அந்தத் துறைமுகம். அவர்கள் புறப்படுவதற்கு முன்பே, அதே தஞ்சையிலும் திருச்சியிலும் உழைக்கும் மக்களைப் படமாக எழுதும் வழக்கம் தொடங்கிவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், கிழக்கிந்தியக் கம்பெனியின் துரைமார்கள் தாங்கள் பார்த்த நாட்டை நினைவுக்கு வைத்துக்கொள்ளப் படங்கள் கேட்டார்கள். உள்ளூர் ஓவியர்கள் எழுதிக் கொடுத்தார்கள். இவற்றைக் ‘கம்பெனி ஓவியம்’ என்று இன்று சொல்கிறார்கள்.

அந்தப் படங்களில் ஒரு முறை உண்டு. ஓர் ஆண், ஒரு பெண். இருவரும் பொம்மை போல் நிற்பார்கள். கையில் தொழிற்கருவி இருக்கும். நெசவாளியானால் நூல், மீனவரானால் வலை, கள் இறக்குபவரானால் குடுவை. இன்ன சாதி, இன்ன தொழில் என்று கீழே எழுதியிருக்கும். பெயர் இராது. வீடு, வாசல், பிள்ளை எதுவும் இராது. சேலையின் கரை எத்தனை அங்குலம் என்பதுகூட அந்தப் படங்களில் தெரியும். அந்தப் பெண் யார் என்பது மட்டும் தெரியாது. பின்னாளில் மலாயாத் தோட்டங்களில் நம்மவரைப் பிடித்த புகைப்படங்களும் இதே முறையில்தான் அமைந்தன. மரத்தடியில் உளியோடு ஒரு பெண் நிற்பாள். அடியில் ‘தமிழ்க் கூலி’ என்று அச்சிட்டிருக்கும். அப்படிப்பட்ட அஞ்சலட்டைகள் சீமைக்கு எத்தனையோ போயின. அவற்றில் நம் பாட்டிகளும் பூட்டிகளும் இருக்கக்கூடும். பெயர் இல்லாததால் கண்டுகொள்ள வழியில்லை.

இரண்டாவது கட்டத்தைத் தொடங்கி வைத்தவர் ராஜா ரவிவர்மா. 1848-இல் திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்துக் கிளிமானூரில் பிறந்தவர். எண்ணெய் வண்ணம் அக்காலத்தில் நம் நாட்டவருக்குப் புதிது. அரண்மனை ஓவியரான ராமசாமி நாயக்கர் அந்த வித்தையை இளைஞர் ரவிவர்மாவுக்குச் சொல்லித்தர மறுத்தார் என்பர். 1868-இல் திருவனந்தபுரம் வந்த தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியரும், தாம் எழுதும்போது பக்கத்தில் நின்று பார்க்க மட்டுமே அனுமதித்தாராம். நாயக்கரிடம் உதவியாளராக இருந்த ஆறுமுகம் பிள்ளை என்பவர்தான் மறைவாக உதவினார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். எப்படியோ, பார்த்தும் கேட்டும் தாமே தப்புச் செய்தும் கற்றுக்கொண்டார். 1873-இல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றார்.

எண்ணெய் வண்ணத்தில் அப்படி என்ன இருக்கிறது? அரைத்த வண்ணப்பொடியை ஆளி விதை எண்ணெயில் குழைப்பார்கள். அது உலரப் பல நாள் ஆகும். உலராமல் ஈரமாக இருப்பதால், வெளிச்சத்திலிருந்து நிழலுக்குக் கோடு தெரியாமல் வண்ணத்தை இழைத்துக்கொண்டு போகலாம். கன்னத்தின் வளைவு, கண்ணிமையின் ஈரம், பட்டின் மடிப்பு இவையெல்லாம் உள்ளது உள்ளபடி தோன்றுவது இதனால்தான். இப்படி, கண் காண்பதைக் கண்டவாறே எழுதும் முறையை நடப்பியல் ஓவியம் என்கிறோம்.

ரவிவர்மா இந்த முறையைத் தெய்வங்களுக்கும் புராணத்துக்கும் பயன்படுத்தினார். 1894-இல் பம்பாயில் அச்சகம் ஒன்றை நிறுவி, ஜெர்மானியத் தொழில் வல்லுநர்களைக் கொண்டு வண்ணப் படங்களாக அச்சிட்டார். அரண்மனையிலிருந்த சரஸ்வதியும் லட்சுமியும் ஏழை வீட்டுச் சுவருக்கு வந்து சேர்ந்தார்கள். கோயிலுக்குள் நுழைய விடாத மக்களும் வீட்டிலேயே சாமியைப் பார்க்க முடிந்தது. இந்த ஒன்றுக்காகவே அவரை நாம் வாழ்த்தலாம். அவர் 1906-இல் மறைந்தார்.

அவருக்குப் பின் தமிழ்நாட்டில் இந்த வழியைப் பிடித்தவர் கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு. 1898-இல் பிறந்து 1976-இல் மறைந்தவர். சென்னைக் கலைப்பள்ளியில் படித்தவர்; நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். அவரும் அவருடைய மாணவர்களும் எழுதிய முருகனும் மீனாட்சியும் சிவகாசி அச்சகங்களில் லட்சக்கணக்கில் அச்சாகிக் காலண்டராயின. கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸிலும் மளிகைக் கடைக்காரர்கள் புத்தாண்டுக்குக் கொடுத்த காலண்டரை யார் மறப்பார்? ஆண்டு முடிந்ததும் தேதித் தாளைக் கிழித்துவிட்டுப் படத்தை மட்டும் சட்டம் போட்டு வைத்துக்கொள்வோம்.

நேயர்களே, என் பாட்டியின் முகம் மாறிய இடம் இதுதான். தெய்வத்துக்கென்று ஒரு முகம் உருவாயிற்று. உருண்டை முகம், செந்நிறம், வியர்வை இல்லாத நெற்றி, குறைவில்லாத நகை. தெய்வத்துக்கு அது பொருந்தும். அதில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ‘அழகான படம்’ என்றாலே அந்த முகந்தான் என்று ஆகிவிட்டது. படக்கடைக்காரர் கற்றுக்கொண்டதும் அந்த ஒரு முகத்தைத்தான். செத்துப்போனவரைச் சாமியாக்குவது மரியாதை என்று அவர் எண்ணினார். அவர் கொடுத்த மரியாதையில் எங்கள் பாட்டி காணாமற்போனார்.

ரவிவர்மாவும் ஏழைகளை எழுதாமலில்லை. தெருவோரத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாடிப் பிழைக்கும் ஒரு குடும்பத்தை எழுதியிருக்கிறார்; பார்த்தால் நெஞ்சு கனக்கும் படம். ஆனால் அச்சில் ஏறி ஊரெங்கும் போனவை அவருடைய தேவிமார்களே.

சென்னையில் வேறொரு போக்கும் இருந்தது. 1850-இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய கலைப்பள்ளிக்கு 1929-இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி தலைவரானார். அவர் வடித்ததுதான் மெரீனாக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலை. 1959-இல் நிறுவப்பட்டது. நான்கு பேர் பாறையை நெம்புகிறார்கள். ஒவ்வொரு நரம்பும் தெரியும். சென்னைக்குப் போன நம்மவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் திரும்புவதில்லை. அவருக்குப் பின் வந்த கே. சி. எஸ். பணிக்கர் காலத்தில் காற்று வேறு பக்கம் வீசிற்று. கண்ணால் காண்பதை அப்படியே எழுதுவது பழைய வழி, உருவத்தைச் சிதைத்துக் கோட்டாலும் குறியாலும் பேசுவதே புதிய கலை என்ற எண்ணம் வளர்ந்தது. 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் தோன்றிற்று. நம் மலேசிய ஓவியர் சையது தாஜுதீன் அந்தச் சென்னைக் கல்லூரியில் பயின்று திரும்பியவர். புதிய கலை பல நல்ல படைப்புகளைத் தந்தது. ஆனால் தச்சரும் கொத்தனாரும் நின்று பார்க்கும் படம் குறைந்துபோயிற்று. உள்ளது உள்ளபடி எழுதும் வேலை, விளம்பரப் பலகைக்காரர்களுக்கும் காலண்டர்க்காரர்களுக்கும் உரியதென்று ஒதுக்கப்பட்டது.

இந்த நிலையில்தான் இளையராஜா வருகிறார்.

1979-ஆம் ஆண்டு கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரில், உடன்பிறந்தோர் பலர் இருந்த பெரிய குடும்பத்தில் பிறந்தவர். கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் இளங்கலைப் படிப்பையும், சென்னைக் கல்லூரியில் முதுகலைப் படிப்பையும் முடித்தார். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. அவர் காலத்து மாணவர்களுக்கு வழிகள் பல திறந்திருந்தன. அவர் தேர்ந்தது, ஒதுக்கப்பட்டுக் கிடந்த பழைய வழியை. எண்ணெய் வண்ணம், பெரிய துணி, உள்ளது உள்ளபடி. ஆனால் அவர் எழுத எடுத்துக்கொண்ட பொருள் தெய்வமுமன்று, அரசியுமன்று. தம் ஊர்ப் பெண்கள், தம் வீட்டுப் பெண்கள்.

அவருடைய படங்களை நினைவிலிருந்து சொல்கிறேன். ஓட்டு வீடு. ஒரு பக்கத்துச் சன்னலிலிருந்தோ முற்றத்திலிருந்தோ வெயில் சாய்வாக விழுகிறது. பருத்திச் சேலை கட்டிய ஒரு பெண் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள், அல்லது அடுப்படியில் குனிந்திருக்கிறாள். பக்கத்தில் பித்தளைக் குடம். சேலை துவைத்துத் துவைத்து மெலிந்தது. அதன் மடிப்பில் வெயில் ஊடுருவித் தெரிகிறது. மூக்குத்தியில் ஒரு புள்ளி வெளிச்சம். அவள் நம்மைப் பார்ப்பதில்லை, ஏதோ நினைவாயிருக்கிறாள். அவள் நிறம் கறுப்பு. அந்தக் கறுப்பை அவர் கூசாமல், மறைக்காமல், ஆசையாக எழுதினார். ‘திராவிடப் பெண்கள்’ என்ற பெயரிலேயே அந்தப் படங்கள் அறியப்பட்டன.

கறுப்பு மேனியை எழுதுவது எளிதன்று. கறுப்பு வண்ணத்தை எடுத்துப் பூசினால் முகம் அடுப்புக்கரி போல் செத்துப்போகும். உற்றுப் பாருங்கள். கறுத்த தோலில் பல நிறங்கள் உண்டு. வானம் படும் நெற்றியில் நீலம் தெரியும். செங்கற் சுவர் அருகில் இருந்தால் தாடையின் கீழ் செம்மை தெரியும். மஞ்சள் பூசிய கன்னத்தில் பச்சை கலந்த பொன்னிறம். வெளுத்த தோலில் வெளிச்சம் எங்கும் பரவிவிடும். கறுத்த தோலிலோ ஈரமும் எண்ணெய்ப் பூச்சும் உள்ள இடத்தில் மட்டும் வெளிச்சம் கூர்மையாகப் பளிச்சிடும். ஆகவே கறுப்பை எழுதுபவர் மண் நிறங்களையும் நீலத்தையும் செம்பழுப்பையும் கலந்து, பல தடவை, மெல்லிய அடுக்குகளாக ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அடி அடுக்கு உலருமுன் மேல் அடுக்கைத் தடிப்பாகப் பூசினால் பின்னாளில் வெடித்துவிடும். காத்திருக்க வேண்டும். ஒரு முகத்துக்கே நாட்கணக்கில் உழைப்பு. ரோஜா நிறத்தைப் பூசிவிடுவது சுலபம். நம் படக்கடைக்காரரைக் குற்றம் சொல்ல முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். நாற்பத்தைந்து வெள்ளிக்கு எத்தனை அடுக்கு ஏற்றுவார்?

“இதற்குப் புகைப்படமே போதுமே” என்று சிலர் கேட்பார்கள். புகைப்படம் இவ்வகை ஓவியருக்குத் துணையாக இருக்கிறது. வேலைக்காரப் பெண்மணியை மணிக்கணக்கில் அசையாமல் உட்காரச் சொல்ல முடியுமா? ஆனால் கேமரா பெரும்பாலும் நிழலை ஒரே இருட்டாக்கிவிடும். வெயிலை ஒரே வெள்ளையாக்கிவிடும். அந்த நிழலுக்குள் என்ன இருந்தது என்பதை, அங்கே நின்று பார்த்தவன் கண்தான் சொல்ல வேண்டும். இளையராஜா படங்களில் நிழலுக்குள்ளும் கண் துழாவிப் பார்க்கலாம். அடுப்படிச் சுவரில் படிந்த புகைகூடத் தனியாகத் தெரியும். அந்த வீட்டில் வளர்ந்தவன் பார்வை அது.

அவர் பெயர் பரவியது கண்காட்சிகளால் மட்டுமன்று. ‘ஆனந்த விகட’னில் கதைகளோடும் கவிதைகளோடும் அவருடைய ஓவியங்கள் வெளிவந்தன. பிறகு கைப்பேசி வழியாகவும் முகநூல் வழியாகவும் உலகத் தமிழர் வீடுகளுக்கெல்லாம் போயின. நம் நாட்டில் எத்தனையோ பேர், யார் எழுதியது என்று தெரியாமலே அவற்றை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். ரவிவர்மாவுக்கு அச்சகம் செய்ததை இவருக்குக் கைப்பேசி செய்தது. ஒரு வேறுபாடு. அன்று சுவருக்கு வந்தவள் தேவி. இவர் படத்தில் வந்தவளைப் பார்த்தவர்கள், “எங்கள் சின்னம்மா மாதிரி இருக்கிறாள்” என்றார்கள்.

என் மனத்தில் பட்ட ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். அவர் படத்துப் பெண்களில் பெரும்பாலோர் இளையவர்கள், அழகிகள். வெயில் எப்போதும் இதமாகவே விழுகிறது. நடவு முடித்துச் சேறோடு வரும் கால், பிள்ளை பெற்றுத் தளர்ந்த உடம்பு, கூலி பிடித்தம் செய்யப்பட்ட நாளின் முகம் இவை அரிதாகவே வருகின்றன. கிராமத்தை அவர் பிரிந்து போனவனின் ஏக்கத்தோடு எழுதினார். அதில் இனிப்புச் சற்று மிகுந்துவிட்டது. ஆயினும் நூறாண்டு வெள்ளைப் பூச்சைக் கழுவ வந்தவர், கறுப்பை முதலில் அழகாகத்தானே காட்டியிருக்க வேண்டும்? முதிர்ந்த வயதில் என்ன எழுதியிருப்பாரோ, நமக்குக் கிடைக்கவில்லை. 2021-ஆம் ஆண்டு ஜூன் மாதம், கொரோனாத் தொற்றின் இரண்டாம் அலையில், சென்னையில் அவர் இறந்துபோனார். நாற்பது வயதைக் கடந்து இரண்டொரு ஆண்டுகளே ஆகியிருந்தன.

இனி நம் ஊருக்கு வருவோம். கோலாலம்பூரில் தேசிய ஓவியக் கூடம், பாலாய் சினி நெகாரா, 1958-இல் துங்கு அப்துல் ரகுமான் திறந்து வைத்தது. முதலில் ஜாலான் அம்பாங்கில் இருந்தது. 1984-இல் ரயில் நிலையத்துக்கு எதிரிலுள்ள பழைய மெஜஸ்டிக் ஓட்டலுக்கு மாறியது. 1998 முதல் ஜாலான் துன் ரசாக்கில் இருக்கிறது. நடப்பியல் ஓவியத்துக்கு இங்கே வழிகாட்டியவர் ஜாவாவில் பிறந்து இங்கு வந்து வாழ்ந்த முகமது ஹுசேன் எனாஸ். ஆளைப் பார்த்து ஆளை எழுதுவதில் வல்லவர், 1995-இல் மறைந்தார். இலை பறிக்கும் வேலையை 1962-இல் ஓவியமாக எழுதினார். அது தேசிய ஓவியக் கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. நெகிரி செம்பிலானில் பிறந்த லாய் பூங் மொய் என்ற பெண் ஓவியர், உழைப்பாளி ஒருவரின் உணவு இடைவேளையை 1965-இல் எழுதினார். ஆக, உழைப்பவர் முகம் இந்த நாட்டு ஓவியத்துக்குப் புதிதன்று. ஆனால் தோட்டத்து ஆளின் கதையை நம் பக்கத்திலிருந்தே சொல்லும் படத்துக்கு வெகு நாள் காத்திருந்தோம்.

1965-இல் ஜொகூரில் பிறந்த ஜெ. அனுரேந்திரா ஜெகதேவா, மலேசிய இந்தியரின் வரலாற்றை ஓவியமாக எழுத முனைந்தவர். இலங்கைத் தமிழ் வழி வந்தவர். சட்டம் படித்தவர், பத்திரிகையிலும் பணியாற்றியவர். 2001-இல் அவர் செய்த படைப்பின் பெயர், தமிழில் சொன்னால், ‘ஓடும் இந்தியர்களும் இருபத்தைந்து தேய்ந்த சொற்களில் மலேசிய இந்தியர் வரலாறும்’. பெயரிலேயே கேலி இருக்கிறது. நம்மைப் பற்றி ஊரார் வைத்திருக்கும் தேய்ந்த எண்ணங்களை எடுத்து நம் முன்னேயே வைத்துவிடுகிறார். 2010-இல் ‘என் கடவுள் என் லாரி’ என்று பொருள்படும் பெயரில் உருவ ஓவியக் காட்சி ஒன்றை நடத்தினார். அது நடந்த கலைக்கூடம் பிரிக்பீல்ட்ஸில், ஜாலான் ஸ்காட்டில் உள்ளது. கந்தசாமி கோயிலுக்குப் போகிற வழிதான். அவர் படங்களில் முகங்கள் நடப்பியலாக இருக்கும். சுற்றிலும் தெய்வம், பூ, குடும்பப் படம், செய்தித்தாள் எல்லாம் காலண்டர் போல நெருங்கி நிற்கும். இளையராஜா காலண்டரைக் கழற்றி வைத்துவிட்டுப் பெண்ணைப் பார்த்தார் என்றால், இவர் காலண்டரையும் சேர்த்தே எழுதுகிறார். நம் வீட்டுச் சுவரை நினைத்தால் இதுவும் உண்மையே.

எங்கள் லயம் இப்போது இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ தோட்டங்கள் வீட்டுமனைகளாயின, எங்களதும் அப்படியே. பாட்டியின் வண்ணப் படம் என் தம்பி வீட்டில் இருக்கிறது. அடையாள அட்டைப் படம் என்னிடம்.

சென்ற ஆண்டு பிரிக்பீல்ட்ஸில், ஓவியம் பயிலும் இளைஞர் ஒருவர் தாம் தொடங்கியிருந்த படம் ஒன்றைக் காட்டினார். விடியற்காலையில் பால் மரம் வெட்டும் ஒரு பெண். இளையராஜாவின் படங்களைப் பார்த்துத்தான் முனைந்ததாகச் சொன்னார். முகம் நன்றாக வந்திருந்தது. மேனியைக் கறுப்பாகவே எழுதியிருந்தார். ஆனால் சேலையில் பால் தெறித்த இடங்களையெல்லாம் வெள்ளையாகத் தீட்டியிருந்தார்.

“தம்பி, மங்கில் வடிகிறபோதுதான் பால் வெள்ளை. துணியில் பட்டுக் காய்ந்தால் பழுப்பாகும், பிறகு கறுத்துவிடும். எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது. வேலைச் சேலை முன்பக்கமெல்லாம் தார் பூசினாற்போல் விறைத்து நிற்கும்” என்றேன்.

அவர் குறித்துக்கொண்டார். பிறகு வரிசையாகக் கேட்டார். நெற்றி விளக்கை எந்தத் துணியால் கட்டுவார்கள்? கோட்டுப்பாலை எங்கே போடுவார்கள்? உளியை இழுக்கும்போது கட்டைவிரல் எங்கே இருக்கும்? எனக்கு முழுதும் தெரியவில்லை. நான் பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளை. ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரைக் கிள்ளானுக்கு, என் அத்தையிடம் அழைத்துப் போனேன். அத்தைக்கு எண்பத்துநான்கு வயது. முப்பது ஆண்டு நிரை பிடித்து வெட்டியவர்.

“என்னத்தப்பா எழுதப் போறே இதையெல்லாம்” என்று சிரித்தார். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து, வரவேற்பறைத் தூணை மரமாக வைத்துக்கொண்டு, கையில் ஒரு கரண்டியைப் பிடித்து, இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக, தூணைச் சுற்றிக் கால் மாற்றி மாற்றி நடந்து காட்டினார். முழங்கால் வலி என்று அன்று காலையில்தான் சொல்லியிருந்தார். இளைஞர் பென்சிலை எடுத்தார். “இன்னொரு தடவை, பாட்டி” என்றார். அத்தை மறுபடி மேலிருந்து தொடங்கினார்.